நான் எடுத்துக் கொடுத்த போல்ட்

என் ஆசை அண்ணன் சுடலைக்கு, உன் பேச்சி எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் சங்கம் இந்த வருசம் போடுகிற மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படமும் நாலு வரியும் போதும் என்றார்கள். எழுதிப் பார்த்தேன். உழைப்பாளி, நல்ல மனிதர், எல்லாருக்கும் உதவியவர். செத்துப்போன யாருக்கும் பொருந்துகிற வரிகள். கிழித்துப் போட்டேன். கொஞ்சம் நீளமாகத் தருகிறேன் என்றேன், சரி என்று விட்டார்கள். அதனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே நான் விளக்கிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்காக.

முதலில் வீட்டு விசயம். உன் மகள் திவ்யா பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டாள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம். அவள் அம்மா, என் மைனி, பழையபடி தைப்புக் கார்கானாவுக்குப் போகிறாள், அதே காஜா மிஷின்தான். முன் வீட்டுக்காரர்கள் மாடி எழுப்பிவிட்டதால் நம் சன்னலில் இப்போது காலை வெயில் விழுவதில்லை. பகலிலும் லைட் போடுகிறோம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். சொல்லத் தெரியவில்லை. உன்னைத் தூக்கின அன்று பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழ வைக்கப் பார்த்தார்கள். வரவில்லை. ஏழு மாதமாக வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். ஒருநாள் உப்பே போடாத குழம்பை இரண்டு வேளையும் சாப்பிட்டிருக்கிறேன். திவ்யா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்ல மட்டும்தான் எனக்கு இப்போது முடிகிறது.

என் கல்யாணம் முறிந்து நான் ஊரில் முடங்கிக் கிடந்தபோது நீதான் வந்து என்னைத் தாராவிக்குக் கூட்டி வந்தாய். செம்பூரில் அந்தப் பெரிய குடியிருப்பு வளாகத்தில் புல் வெட்டுகிற கான்ட்ராக்டரிடம் நீ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தாய். அங்கேயே ஸ்டோரில் எனக்கு வேலை வாங்கித் தந்தாய். தகரக் கொட்டகை, நாலு அலமாரி, ஒரு பதிவேடு. பிளேடு, கிரீஸ், போல்ட், கையுறை. கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. முதல் நாள் நீ சொன்னாய். “ஏட்டி, பேரு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி ஒரு சாமானையும் எடுத்துக் குடுக்காத.”

ஆறு வருசம் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒரு தடவைதான் தவறினேன்.

போன வருசம் மழை நின்ற பிறகு புல் ஆள் உயரம் வளர்ந்து நின்றது. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் பாம்பு வந்தது என்று குடியிருப்புக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மொத்தத்தையும் வெட்டியாக வேண்டும் என்று சூப்பர்வைசர் நின்றார். அப்போது பார்த்துத்தான் போல்ட் உடைய ஆரம்பித்தது.

படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் புல்வெட்டி மிஷின் இருக்கும். டிராக்டரின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோவது ஒரு இரும்புத் தண்டு, ஷாஃப்ட் என்பார்கள். ஷாஃப்ட்டும் மிஷினும் சேருகிற இடத்தில் மென்மையான இரும்பில் செய்த போல்ட் ஒன்றே ஒன்று உண்டு, மெது போல்ட் என்போம். புல்லுக்குள் கல்லோ கட்டையோ இருந்து பிளேடு அதில் மோதினால் அந்த போல்ட் உடைந்துவிடும். ஷாஃப்ட் சும்மா சுற்றும், மிஷின் நின்றுவிடும், வேறு எதற்கும் சேதம் வராது. உடைய வேண்டும் என்றே செய்த போல்ட் அது. இதை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

ஆனால் கல்லும் இல்லாமல் கட்டையும் இல்லாமல் ஒரு நாளைக்கு மூன்று நாலு என்று உடைந்தது. ஒவ்வொரு தடவையும் நீ மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வெயிலில் நடந்து ஸ்டோருக்கு வருவாய். சட்டை முழுக்க நனைந்திருக்கும். “இன்னொண்ணு குடுட்டி” என்பாய். சூப்பர்வைசர் உன் பின்னாலேயே வந்து, உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார். இருபது வருசம் ஓட்டினவனிடம்.

நீ புதுசை மாட்டிக்கொண்டு திரும்ப ஓட்டப் போவாய். ஒரே ஒரு தடவை கேட்டாய். ஒரு நாள் மிஷினை நிறுத்தித் தூக்கிவைத்து அடியில் பார்க்க வேண்டும், என்னவோ கோளாறு இருக்கிறது என்றாய். ‘திவாலி கே பாத்’ என்றார், தீபாவளி கழிந்து பார்க்கலாமாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். தீபாவளிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று சாயந்தரத்தோடு ஸ்டோரில் இருந்த மெது போல்ட் எல்லாம் தீர்ந்தது. ஆபீசுக்குக் கேட்டு எழுதி அனுப்பியிருந்தேன், வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாக்காவில், அந்த முச்சந்தியில் இருக்கிற இரும்புக் கடையில் உடைந்த துண்டைக் காட்டி இதே அளவில் வேண்டும் என்றேன். கடைக்காரர் அளந்து பார்த்து இரண்டு போல்ட் எடுத்துக் கொடுத்தார். தலையில் எண் குத்தியிருந்தது. ‘இது உடையவே உடையாது, பெஹன்’ என்று இந்தியில் சொன்னார். எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? நாளைக்கு அண்ணன் வெயிலில் நடக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் உன் கையில் கொடுத்தேன். நீ போல்ட்டின் தலையைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாய்.

“இது கெட்டி போல்ட்டுல்லா. இதப் போடக் கூடாது பேச்சி.”

“இன்னைக்கு ஒருநாப் போடு. சாயங்காலம் நல்லது வந்துரும்.”

“வந்துருமா?”

“வந்துரும்னு சொல்லுதேன்லா. நீ படுத பாட்ட என்னால பாக்க முடியல.”

நீ அதைக் கையில் உருட்டிப் பார்த்தாய். பிறகு, “சரி, இன்னைக்கு மட்டும்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். பதிவேட்டில் ‘போல்ட் - 1’ என்று எழுதினேன். என்ன போல்ட் என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை, அண்ணே? அப்போதே எனக்குத் தெரிந்திருக்குமோ?

அன்று உடையவில்லை. மறுநாளும் உடையவில்லை. சூப்பர்வைசர் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல போல்ட் வரவும் இல்லை, நான் திரும்பக் கேட்கவும் இல்லை, நீயும் கேட்கவில்லை. எட்டு நாள் ஓடியது. நீ மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாய். எட்டு நாளும் நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நாள், பதினொரு மணி இருக்கும். பழைய வேலிக்கு நட்டிருந்த கான்கிரீட் தூண் ஒன்று, முழங்கால் உயரத்துக்கு உடைந்து புல்லுக்குள் நின்றிருக்கிறது. பிளேடு அதில் மோதியது. போல்ட் உடையவில்லை. ஷாஃப்ட் உடைந்தது. அதில் டிராக்டரோடு சேர்ந்திருந்த பாதி சுற்றிக்கொண்டே மேலே எழும்பி வந்து உன் இடுப்பில் அடித்தது. எனக்கு ஸ்டோரில் சத்தம் கேட்டது. யாரோ தகரத்தை அடிக்கிறார்கள் என்று நினைத்து, கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் நீ நல்லபடியாகப் பேசினாய். மைனி டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். சூப்பர்வைசர் ஒரு பேப்பரோடு வந்தார், கூட ஆபீசிலிருந்து ஒருவர். ஷாஃப்ட்டில் கெட்டி போல்ட் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். நான் உன் கால்மாட்டில் நின்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, நானே வெளியில் வாங்கினேன், நானே போட்டேன் என்று இந்தியில் சொன்னாய். அவர்கள் எழுதினார்கள். உன் கையெழுத்தையும் வாங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “ஏண்ணே அப்படிச் சொன்ன?”

“ஒன் சோலி போயிரும்லா. விடு. நான் எந்திரிச்சு வந்து பேசிக்கிடுதேன்.”

மறுநாள் விடியும்போது நீ இல்லை.

நீ எழுந்து வருவாய் என்று நம்பித்தானே அந்தப் பொய்யைச் சொன்னாய்? ஒரு வாரத்துக்கு, பத்து நாளுக்கு ஆகிற பொய். அது நிலைத்துவிட்டது. அறிக்கையில் ‘ஓட்டுநரின் சொந்த அஜாக்கிரதை’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதைக் காட்டி, நிர்வாகம் இதற்குப் பொறுப்பில்லை என்று மைனியைத் திருப்பி அனுப்பினார்கள். நம் தெருவிலேயே, சுடலை அவசரப்பட்டு என்னத்தையோ மாட்டிச் செத்தான் என்று பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டே தண்ணீர் பிடித்தேன். மறுவாரம் வேலைக்குப் போனேன். அதே ஸ்டோர், அதே பதிவேடு. நீ கொடுத்துவிட்டுப் போன வேலை அல்லவா, அதை விட்டால் உன் பொய் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா, பயமா? இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன் மிஷினைப் போட்டோ எடுத்துவிட்டு ஸ்டோருக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். வேறு ஒரு மிஷின் வந்தது. தினமும் அந்தத் தார்ப்பாயைத் தாண்டித்தான் நான் பூட்டைத் திறப்பேன்.

மார்ச்சில், அடுத்த மழைக்கு முன்னால் அதைச் சரிசெய்து வைக்கலாம் என்று நெருளிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஞானதுரை என்று பெயர், நாகர்கோவில் பக்கம், ஐம்பது வயது இருக்கும். புது ஷாஃப்ட் மாட்டுவதற்கு முன்னால், ‘பழசு ஏன் போச்சுன்னு பாக்கணும்லா’ என்றார். உன் சாவைப் பற்றி அவருக்குப் பாதிதான் தெரியும். ஸ்டோரை ஆள் இல்லாமல் விட்டுவிட்டு நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அதுக்கு முன்னால போல்ட் சும்மா சும்மா உடைஞ்சுது” என்றேன். “கல்லு கட்ட ஒண்ணுமே இல்லாம உடைஞ்சுது. அது ஏன்?”

அவர் முதலில் இன்னும் உள்ளேயே இருந்த கெட்டி போல்ட்டைக் கழற்றிவிட்டு, அது நுழைகிற துளையைப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டியது தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். போல்ட் அதற்குள் ஆடும், ஆடி ஆடி அடிபட்டு அறுந்துபோகும். “ஆனா இது மட்டும் போதாது மக்களே” என்று, பெற்ற மகளைக் கூப்பிடுவது போல் சொல்லி, ஜாக்கி வைத்து மிஷினைத் தூக்கி, அடியில் கட்டை முட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே படுத்தார். ஒரு பிளேடைத் தள்ளினார். கதவு மாதிரி மடங்கியது. மற்றதைத் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார், அசையவில்லை.

டார்ச் கேட்டார். பிளேடு மடங்குகிற இடத்தில் பழைய வேலிக் கம்பி நாலைந்து சுற்று இறுகிக் கிடந்தது, மேலே புல்லும் சேறும் துருவும். எதிலாவது தட்டினால் பிளேடு மடங்கித் தப்பிக்க வேண்டும். இது மடங்காமல் நின்றதால் மண்மேட்டில் லேசாகத் தட்டினாலும் அந்த அடி நேராகப் போல்ட்டுக்குப் போயிருக்கிறது. கட்டர் வைத்துக் கம்பியை வெட்டினார். எண்ணெய் விட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பிளேடு மடங்கியது.

நான் கொட்டகையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தொடங்கியதிலிருந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நீ கேட்டது ஒரு நாள்.

“போல்ட்டு மேல குத்தமில்ல” என்றார் ஞானதுரை, கையைத் துடைத்துக்கொண்டே. “அது உடைஞ்சு உடைஞ்சு சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு. எவனோ அதோட வாயை அடைக்க கெட்டி போல்ட்டக் குடுத்திருக்கான். யாரு அது?”

“நான்தான்” என்றேன்.

அண்ணே, ஐந்து மாதம் கழித்து முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. சொன்ன பிறகு எனக்கு எதுவும் ஆகவில்லை. அவர்தான் என் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, “ஓட்டினவரு யாரு ஒனக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “வீட்டுல தெரியுமா?” தெரியாது என்றேன். “சொல்லீரு மக்களே” என்றார். பிறகு வெட்டியெடுத்த கம்பியைக் கீழே போடப்போனவர் போடாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைனியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போனதிலிருந்து ஆஸ்பத்திரியில் நீ சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. கடைசிக் காம்பையும் ஆய்ந்துவிட்டுக் கேட்டாள்.

“டாக்டரப் பாத்துட்டு நான் திரும்பி வந்தேன்லா. அன்னைக்கு முச்சூடும் பக்கத்துலேயேதான இருந்தேன். எங்கிட்டயும் அவுக நானே போட்டேன்னுதான சொன்னாவ?”

“ஆமா மைனி.”

“நீயும் அங்கனதான நின்ன?”

“ஆமா.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பத்தொன்பது நாள் பேசவில்லை. எனக்குச் சோறு வைப்பாள், என் துணியையும் சேர்த்துக் காயப்போடுவாள், பேச மாட்டாள். அந்த ஒற்றை அறையில் மூன்று பேரும் எப்படி இருந்தோம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. நான் வேறு இடம் பார்த்துப் போய்விடலாமா என்று திவ்யாவிடம் கேட்டேன். “அம்மா உங்களப் போகச் சொல்லலியே அத்தை” என்றாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவளுக்கு நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் பார்.

இருபதாவது நாள் மைனி கார்கானாவில் லீவு சொல்லிவிட்டு செம்பூருக்கு வந்தாள். ஸ்டோர் வாசலில் நின்றாள். மிஷின் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். புது ஷாஃப்ட்டைத் தொட்டாள். பிறகு ஸ்டோருக்கு வந்திருந்த மெது போல்ட் ஒன்றையும் கெட்டி போல்ட் ஒன்றையும் கேட்டு வாங்கி, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கடையில் வாங்கியதில் இரண்டாவது, என் அலமாரியில் அப்படியே கிடந்தது.

“ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு” என்றாள். “கடக்காரன் எனக்குத் தந்திருந்தாலும் நானும் இதத்தான் கொண்டாந்திருப்பேன்.”

இரண்டு போல்ட்டையும் என் கையில் திருப்பித் தந்தாள்.

“ஒன் மேல எனக்கு இன்னும் கோவம் போகல பேச்சி. போகுமான்னும் தெரியல. ஆனா அவுகளுக்கு வேல தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கானுவல்லா, அத மாத்தணும். எழுதிக் குடு.”

எழுதினேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல திவ்யா இங்கிலீசில் எழுதினாள். போல்ட் எப்போது தீர்ந்தது, எத்தனை தடவை கேட்டு எழுதினேன், நீ மிஷினை நிறுத்தக் கேட்டது, சூப்பர்வைசர் சொன்ன பதில், நான் கடையில் வாங்கியது. நடுவில் நிறுத்திவிட்டு, “அப்பா மொதல்ல போட மாட்டேன்னு சொன்னாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அத விட்டுட்டீங்களே அத்தை” என்றாள். எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. அந்த வரியை அவளே சேர்த்து எழுதினாள். அடுத்த வரியில், பிறகு சரி என்று வாங்கிக்கொண்டாய் என்பதையும் எழுதச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். உன் பங்கையும் மறைக்கவில்லை, அண்ணே. மறைத்தால் மறுபடியும் பொய்தானே?

தொழிலாளர் ஆபீசில் அதைக் கொடுத்தோம், கம்பியையும் கொடுத்தோம். ஞானதுரை தான் பார்த்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஒரு வாரத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் என்னிடம் சாவியை வாங்கும்போது, நாம் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோமே என்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இப்போது மைனியின் கார்கானாவிலேயே நூல் பிசிறு வெட்டுகிறேன். மைனி இரண்டு மிஷின் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். டீ வந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வைக்கிறாள். நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

அறிக்கையைத் திரும்ப விசாரிக்கிறார்கள். அடுத்த மாதம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் என்ன முடிவாகும், என் மேல் வழக்கு வருமா, மைனிக்கு ஏதாவது கிடைக்குமா, எதுவும் தெரியாது. ஞானதுரை வருகிறேன் என்றிருக்கிறார். போன வாரம் மைனி துணி மடித்துக்கொண்டே, “நானும் வாரேன். ஒத்தையில போகாண்டாம்” என்றாள்.

அண்ணே, அங்கே போய் நான் சொல்லப்போவதை உன்னிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். போல்ட்டை வாங்கியது நான், உன் கையில் திணித்தது நான், ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றதும் நான். சாகக் கிடந்த என் அண்ணன் என் வேலைக்காகப் பொய் சொன்னான் என்று உன் பெயரைச் சொல்லி, உன் மகள் முன்னாலேயே சொல்வேன். நீ அதற்குச் சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும். சம்மதிக்காவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம்.

நீ வெயிலில் நடக்கக் கூடாது என்று நினைத்த,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பேச்சியம்மாள்